செம்மண் பாதையில் முப்போட்டி

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் தனித்தனியே நீங்கள் நன்கு அறிவீர்கள். இம்மூன்றையும் நடுவே ஓய்வின்றி, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே போட்டியாகச் செய்வதற்கு ‘டிரையத்லான்’ என்று பெயர். தமிழில் இதை முப்போட்டி எனலாம். நீரிலிருந்து கரையேறியவர் உடம்பின் ஈரம் காயுமுன் சைக்கிளில் ஏற வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டும். தொடக்கத்தில் ஓடத் தொடங்கிய கடிகாரம் இறுதிக்கோடு வரை நிற்பதில்லை. சட்டை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும்!

இந்த விளையாட்டின் வயது அதிகமில்லை. இன்றைய வடிவில் முதல் முப்போட்டி 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடந்தது. கலந்துகொண்டவர்கள் 46 பேர். 1978இல் ஹவாய்த் தீவுகளில் ‘அயர்ன்மேன்’ என்னும் நெடுந்தூரப் போட்டி தொடங்கியது. அவ்வாண்டு 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னியில் முப்போட்டி ஒலிம்பிக் விளையாட்டுகளில் ஒன்றாயிற்று.

இவையெல்லாம் நல்ல சாலைகளில் நடப்பவை. சாலையை விட்டு விலகி, காட்டுப்பாதையிலும் கரடுமுரடான மண்ணிலும் நடக்கும் வேறொரு வகை 1996இல் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மாவியில் பிறந்தது. பின்னர் ‘எக்ஸ்டெரா’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. இதில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். பன்னாட்டு முப்போட்டிச் சங்கமும் 2011இல் ஸ்பெயின் நாட்டில் இவ்வகைக்குத் தனியாக உலகப் போட்டி ஒன்றை நடத்தியது. தூரம் அதில் சற்றுக் குறைவு.

இப்போட்டிகளுக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெச்சூர் வீரர்கள். அதாவது விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளாமல், விருப்பத்துக்காகப் பயிற்சி செய்பவர்கள். ஆசிரியர், எழுத்தர், மருத்துவர், மாணவர் என்று பலரும் இருப்பார்கள். நம் நாட்டின் அனு வைத்தியநாதன் பொறியியல் துறையில் பணி செய்துகொண்டே பயிற்சி எடுத்தவர். 2009இல் கனடாவில் நடந்த ‘அல்ட்ராமேன்’ போட்டியில் 10 கிலோமீட்டர் நீந்தி, 420 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, 84 கிலோமீட்டர் ஓடி மூன்று நாட்களில் முடித்தார்.

இத்தகைய போட்டியில் ஒருவர் எதனோடு போராடுகிறார்? தூரத்தோடு என்பீர்கள், பக்கத்தில் வருபவரோடு என்பீர்கள். இரண்டும் உண்மையே. ஆனால் நம்மைப் போன்ற வெப்ப நாட்டுக்காரர்களுக்கு இவ்விரண்டையும் விட வலிய எதிரி ஒன்று உடம்புக்குள்ளேயே பிறக்கிறது. அதுவே வெப்பம். முப்போட்டியின் மூன்று பகுதிகளிலும் அந்த வெப்பம் எவ்வாறு பிறக்கிறது, எவ்வழியாக வெளியேறுகிறது என்பதை இங்கே காண்போம்.

சாக்கோட்டையில் ஒரு போட்டி

நமது வசதிக்காக மனத்திலே ஒரு போட்டி நடத்திப் பார்ப்போம். இடம், சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகிலுள்ள சாக்கோட்டை. செட்டிநாட்டுக்கே உரிய சிவந்த மண், அதன்மேல் உதிர்ந்து கிடக்கும் சரளை, வண்டித்தடங்கள், ஓரங்களில் சீமைக்கருவேல், ஆங்காங்கே கண்மாய்கள். இந்த மண் சிவந்திருப்பதற்குக் காரணம் இதிலுள்ள இரும்பு ஆக்சைடு. இரும்பு துருப்பிடித்தால் வரும் நிறந்தான் இது.

மலை இல்லாத ஊரில் கரடுமுரடான போட்டியா என்று கேட்காதீர்கள். ஏற்ற இறக்கம் இல்லாவிட்டாலும், சைக்கிள் சக்கரத்தைப் பிடித்து இழுக்க ஒரு சாண் மணல் போதும்!

போட்டியின் அளவு இது: 1 கிலோமீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 6 கிலோமீட்டர் ஓட்டம். போட்டியாளர் 50 கிலோ எடையுள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர் அல்லது மாணவி. அது நீங்களாகவே இருக்கட்டும்.

உடம்பு என்னும் எஞ்சின்

நம் தசைகளும் ஒருவகை எஞ்சின்களே. மோட்டார் வண்டி பெட்ரோலை எரிப்பதுபோல் தசை உணவை எரிக்கிறது. ஆனால் எரிந்த உணவின் ஆற்றல் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. சைக்கிள் மிதிக்கும்போது 100 பங்கு ஆற்றலில் 20 முதல் 25 பங்குதான் மிதிகட்டையைச் சென்றடைகிறது. மீதி 75 முதல் 80 பங்கு வெப்பமாகிவிடுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். நீங்கள் 100 வாட் திறனோடு மிதிக்கிறீர்கள் என்று கொள்வோம். ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாகிறது என்றால், உடம்பு மொத்தம் 500 வாட் செலவிடுகிறது. அதில் 400 வாட் வெப்பம். பழைய குண்டு பல்புகளில் 100 வாட் பல்புகள் நான்கு உங்கள் தோலுக்கடியில் எரிவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வெப்பம் வெளியேறவே இல்லை என்றால் என்ன நேரும்? ஒரு கிலோ உடம்பை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கச் சுமார் 3500 ஜூல் வேண்டும். எனவே 50 கிலோ உடம்புக்கு 1,75,000 ஜூல். ஒரு வினாடிக்கு 400 ஜூல் வீதம் சேர்ந்தால் 437 வினாடிகளில், அதாவது ஏழே நிமிடங்களில், உடம்பின் சூடு ஒரு டிகிரி ஏறிவிடும். 37 டிகிரியில் தொடங்கியவர் சுமார் 22 நிமிடத்தில் 40 டிகிரியை எட்டுவார். அதற்கு மேல் மூளைக்கே ஆபத்து. உண்மையில் இவ்வாறு நேராததற்குக் காரணம், உள்ளே பிறக்கும் வெப்பத்தை உடம்பு ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருப்பதுதான். அது வெளியேறும் வழி போட்டியின் ஒவ்வொரு பகுதியிலும் மாறுகிறது.

முதற் பகுதி: நீர்

முப்போட்டியில் நீச்சல் முதலில் வருவது ஏன்? களைத்துப்போனவர் சைக்கிளிலிருந்து இறங்கி மரநிழலில் உட்காரலாம்; ஓட்டத்தை நிறுத்தி நடக்கலாம். நீரின் நடுவே உட்கார முடியுமா? ஆகவே உடம்பில் முழுத் தெம்பும் இருக்கும்போதே நீரைக் கடந்துவிட வேண்டும் என்று வைத்தார்கள்.

நீரின் அடர்த்தி காற்றைப்போல் சுமார் 800 மடங்கு. அதைப் பிளந்துகொண்டு செல்வது கடினம். வேகம் இரு மடங்கானால் நீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். தேவைப்படும் திறனோ எட்டு மடங்காகும். எனவே நீரில் அவசரப்படுபவர் சிறிது நேரத்தை மிச்சப்படுத்தப் பெரிய அளவில் ஆற்றலைச் செலவிடுகிறார். நீச்சலில் தசையின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு கூடப் பயன்படுவதில்லை, மீதியெல்லாம் வெப்பமே.

நல்லவேளையாக நீர் வெப்பத்தைக் காற்றை விட இருபது மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். குளிர்ந்த நீரில் வெப்பம் எளிதில் வெளியேறிவிடும். ஆனால் நீர் எப்போதும் குளிர்விக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே பாயும். நீரின் சூடு தோலின் சூட்டை நெருங்கினால் அந்தப் பாய்ச்சல் தளர்ந்துவிடும். வியர்வையும் அங்கே உதவாது. நீருக்குள் வியர்வை எங்கே ஆவியாவது? 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைரா கடலில், வெதுவெதுப்பான நீரில் நடந்த 10 கிலோமீட்டர் போட்டியில் அமெரிக்காவின் தேர்ந்த நீச்சல் வீரர் ஃபிரான் கிரிப்பன் உயிரிழந்தார். அவருக்கு வயது 26. இதன் பிறகு பன்னாட்டு நீச்சல் சங்கம் திறந்தவெளி நீச்சலுக்கு 31 டிகிரி என்ற மேல் எல்லையை வகுத்தது.

கோடையில் வற்றி ஆழம் குறைந்த நீர்நிலையின் மேல்நீர் எவ்வளவு சூடாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, தை மாதத்தில் குளிர்ந்து கிடக்கும் கண்மாயே நம் போட்டிக்கு ஏற்றது. ஊருணி குடிநீருக்கு உரியது; அதில் இறங்கலாகாது. மண் எடுத்த பள்ளங்களிலும் கல்குவாரிகளிலும் ஆழம் திடீரென மாறும். அவற்றின் பக்கமே போகக் கூடாது. நீச்சல் தெரிந்த பெரியவர் கரையில் இல்லாமல் எந்த நீரிலும் தனியே பயிற்சி செய்யக் கூடாது.

இரண்டாம் பகுதி: சக்கரம்

கரையேறிச் சைக்கிளில் ஏறியதும் குளிர்விக்கும் வேலையைக் காற்றும் வியர்வையும் ஏற்றுக்கொள்கின்றன. மண்பானையில் நீர் குளிர்வது எப்படி? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நமது தோலும் அத்தகைய ஒரு பானையே. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் வெளியேறும். மேலே கண்ட 400 வாட் வெப்பத்தை வியர்வை மட்டுமே வெளியேற்றுவதானால் மணிக்கு 0.6 லிட்டர் போதும். ஆனால் ஒரு நிபந்தனை: அது ஆவியாக வேண்டும். தாடையில் வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் உடம்பு நீரை இழக்கிறதே தவிர, குளிர்ச்சி கிடைப்பதில்லை.

வியர்வை ஆவியாகக் காற்றோட்டம் வேண்டும். இங்கேதான் தார்ச்சாலைக்கும் செம்மண் பாதைக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. அதே 100 வாட் திறனோடு தார்ச்சாலையில் மிதித்தால் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். மணல் படர்ந்த சரளைப் பாதையில் 14 கிலோமீட்டர் கிடைப்பதே அரிது. எஞ்சிய திறன் எங்கே போயிற்று? மணலை நகர்த்துவதிலும், டயரை நெளிப்பதிலும், ஒவ்வொரு கல்லின் மீதும் சைக்கிளையும் உங்களையும் தூக்கி இறக்குவதிலும் செலவாகிவிட்டது.

இதன் விளைவைக் கவனியுங்கள். உள்ளே பிறக்கும் வெப்பம் குறையவில்லை. மிதிப்பது அதே 100 வாட்தானே! ஆனால் உடம்பின்மீது வீசும் காற்று குறைந்துவிட்டது. 22 கிலோமீட்டர் வேகத்தில் 20 கிலோமீட்டரைக் கடக்க 55 நிமிடம் போதும். 14 கிலோமீட்டர் வேகத்தில் 86 நிமிடம் ஆகும். அதாவது குறைந்த காற்றில், ஏறும் வெயிலில், இன்னும் அரைமணி நேரம். கரடுமுரடான பாதை இவ்வாறு இரு வழிகளில் வெப்பத்தைக் கூட்டுகிறது.

ஆகவே மணலைக் கண்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக மிதிப்பவர் தவறு செய்கிறார். அனுபவமுள்ளவர் அங்கே பல்சக்கரத்தை மாற்றி, மெதுவாக, ஒரே சீராக மிதிப்பார். மிகவும் இழுத்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகப் போட்டியிலும் வீரர்கள் சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும் செல்வதுண்டு.

டயரிலும் ஒரு நுட்பம் உண்டு. காற்றைக் கல்லுப்போல் அடித்தால் சைக்கிள் எளிதாக உருளும் என்று பலர் நினைக்கிறார்கள். வழவழப்பான சாலையில் இது பொருந்தும். சரளையில் நேர்மாறு. காற்று சற்றுக் குறைந்த அகலமான டயர், சிறு கல்லின்மேல் ஏறும்போது தானே உள்ளே அமுங்கிக் கல்லுக்கு இடம் கொடுக்கும். காற்று மிகுந்த டயரோ சைக்கிளையும் ஆளையும் சேர்த்தே துள்ள வைக்கும். ஒவ்வொரு துள்ளலும் உங்கள் ஆற்றலிலிருந்து கழிக்கப்படும். சீமைக்கருவேல முள் இருக்கும் நாட்டில் மாற்று ட்யூபும் பம்பும் இல்லாமல் புறப்படலாகாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் பகுதி: கால்

சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கும்போது முதல் சில நிமிடங்கள் கால்கள் வேறொருவருடையவை போலத் தோன்றும். வட்டமாகச் சுழன்று பழகிய தசைகள் இப்போது தரையை உதைக்க வேண்டும். இருதயத்துக்கும் இப்போது இரண்டு எசமானர்கள். தசைகள் ஆக்சிஜனுக்காக இரத்தம் கேட்கின்றன. உள்வெப்பத்தை வெளியே கொணரத் தோலும் இரத்தம் கேட்கிறது. வியர்த்து வியர்த்து இரத்தத்தின் அளவும் குறைந்திருக்கிறது. எனவே ஓட்டத்தின் வேகம் கூடாவிட்டாலும் நாடித்துடிப்பு மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும்.

ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகும். 50 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் செலவாகும் திறன் 500 வாட்டுக்கு மேல். மென்மணலில் ஓடினால் கெட்டித் தரையைப்போல் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும் என்று அளந்து கண்டிருக்கிறார்கள். வேகமோ சைக்கிளை விடக் குறைவு. ஆகவே காற்றும் குறைவு. நீங்கள் ஓடும் திசையிலேயே, உங்கள் வேகத்திலேயே காற்றும் வீசினால் என்ன ஆகும்? உங்கள் உடம்பைப் பொறுத்தவரை காற்றே இல்லை! பின்காற்றில் ஓடுபவருக்குப் புழுக்கம் தோன்றுவது இதனால்தான்.

சித்திரை வெயிலில் இன்னொரு தொல்லை. தோலின் சூடு ஏறத்தாழ 35 டிகிரி. காற்றின் சூடு அதற்கு மேல் போனால் காற்றே உடம்பைச் சூடாக்கும். அப்போது வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. காற்றில் ஈரப்பதமும் மிகுந்தால் அந்த வழியும் குறுகும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அது 35 டிகிரியைத் தொட்டால் மனித உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளவே முடியாது என்று முன்பு கணக்கிட்டிருந்தார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வு, ஈரம் மிகுந்த காற்றில் நலமான இளைஞர்களுக்கே எல்லை 31 டிகிரி அளவில் இருப்பதைக் காட்டியது. அதுவும் ஓடும்போது அன்று. இலேசான வேலை செய்யும்போது!

உலக வீரரும் தப்பவில்லை

2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் ஒரு பன்னாட்டு முப்போட்டி நடந்தது. இங்கிலாந்தின் ஜானி பிரவுன்லி முதலிடத்தில் வந்துகொண்டிருந்தார். முடிவதற்குச் சில நூறு மீட்டர்களே இருந்தன. திடீரென்று அவர் கால்கள் பின்னின, குடித்தவர்போலத் தள்ளாடினார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர், தாம் வெல்லும் வாய்ப்பை விட்டுவிட்டுத் தம்பியின் கையைத் தன் தோளில் போட்டுத் தாங்கி வந்து, கோட்டைத் தாண்டத் தள்ளிவிட்டார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற உடம்பையும் வெப்பம் வீழ்த்தியது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் முப்போட்டியைக் காலை ஆறரை மணிக்கே தொடங்கினார்கள் என்றால் காரணம் சொல்ல வேண்டுமா?

தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, கோபம், மயக்கம் ஆகியவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். ஓடிக்கொண்டிருக்கும் நண்பரிடம் இவற்றைக் கண்டால் “இன்னும் கொஞ்சந்தான், ஓடு” என்று ஊக்குவிக்காதீர்கள். உடனே நிறுத்தி நிழலுக்குக் கொண்டு செல்லுங்கள். பெரியவர்களைக் கூப்பிட்டு 108க்குச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்தபடி, கழுத்து வரை குளிர்ந்த நீரில் அமிழ்த்துவது மிகச் சிறந்த முறை. அதற்கு வசதி இல்லையேல் உடம்பெங்கும் நீரை ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அமெரிக்காவின் ஃபால்மத் நகர ஓட்டப் போட்டியில் 18 ஆண்டுகளில் 274 பேர் வெப்பத் தாக்குக்கு ஆளாயினர். களத்திலேயே குளிர்நீரில் அமிழ்த்தியதால் அத்தனை பேரும் பிழைத்தார்கள். உயிரைக் காப்பது குளிர்விக்கும் வேகமே.

உடம்பைப் பழக்குதல்

வெப்பத்தைத் தாங்க உடம்பைப் பழக்க முடியுமா? முடியும். நாள்தோறும் சிறிது நேரம் என்று தொடங்கி 10 முதல் 14 நாட்கள் மிதமான வெயிலில் பயிற்சி செய்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது. வியர்வையில் உப்பு குறைகிறது. முதல் நாளிலேயே முழுத் தூரத்தையும் ஓடிப் பார்ப்பது இப்பழக்கத்துக்கு நேரெதிர். பயிற்சி தொடங்குமுன் மருத்துவரிடம் உடம்பைக் காட்டிக்கொள்வதும், உடற்கல்வி ஆசிரியரின் மேற்பார்வையில் செய்வதும் அவசியம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டு எழுந்தவர் அந்த வாரம் களத்துக்கு வரவே கூடாது.

குடிக்கும் நீரிலும் அளவு வேண்டும். போதாமல் குடிப்பது தீங்கு. வியர்த்ததைவிட மிகுதியாக வெறும் நீரைக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவும் ஆபத்தாகும். உப்புப் போட்ட நீர்மோரும், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறும் நம் வீடுகளிலேயே கிடைக்கும் நல்ல பானங்கள்.

எவ்வளவு குடிப்பது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு நாள் காலை சைக்கிள் பயிற்சிக்கு முன் உங்கள் எடையைப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, வியர்வையைத் துடைத்து, அதே உடையில் மறுபடியும் எடை பாருங்கள். 50 கிலோ 49.4 கிலோ ஆகியிருந்து, இடையில் நீங்கள் 0.3 லிட்டர் நீர் குடித்திருந்தால், வியர்த்தது 0.9 லிட்டர். ஒரு நாள் தார்ச்சாலையிலும், மறுநாள் அதே நேரத்தில் செம்மண் பாதையிலும் இதைச் செய்து, கடந்த தூரத்தையும் காற்றின் வெப்பத்தையும் சேர்த்துக் குறித்துவையுங்கள். கிலோமீட்டர் ஒன்றுக்கு எந்தப் பாதை உங்களிடம் அதிக வியர்வை வாங்குகிறது? உங்கள் குறிப்பேடே அதற்கு விடை சொல்லும்.